பயணத்தில் ஒரு நாய் குறுக்கிட்டால்: தாய்லாந்து செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

சியாங் மாய் நகரின் பழைய அகழிக்கு உட்புறம், நான் தங்கியிருந்த சந்தின் முனையில் ஒரு நூடுல்ஸ் வண்டி நிற்கும். அதன் சக்கரத்துக்குப் பின்னால் படுத்திருந்தது நாய் என்று தெரியவே எனக்குச் சில நொடிகள் ஆயின. உடம்பில் பாதிக்கு மயிர் இல்லை. தோல் தடித்து, வெடித்து, சாம்பல் நிறமாகியிருந்தது. காதுமடலுக்குள் உண்ணிகள் கொத்தாகத் தொங்கின. அது என் பயணத்தின் 4ஆம் நாள். 24ஆம் நாள் ஊருக்குத் திரும்ப டிக்கெட் இருந்தது.

இடைப்பட்ட நாட்களில் நான் சரியாகச் செய்தவற்றையும் தவறாகச் செய்தவற்றையும் வைத்து இதை எழுதுகிறேன். நாய் வளர்த்துப் பழகாதவர்களுக்கும் புரியும்படி எழுதப் பார்க்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டில் ஒரு நாயைக் காப்பாற்றுவது என்றதும் அதை விமானத்தில் ஏற்றி நம் வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் மனத்தில் தோன்றும். பெரும்பாலும் அது நடக்காது. நடக்க வேண்டிய அவசியமும் இல்லை. நாம் போன பிறகும் அந்த நாய் அதே தெருவில் வலியில்லாமல், பசியில்லாமல், நோய் பரப்பாமல் வாழ வழி செய்வதுதான் நம் வேலை. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த எண்ணத்தில்தான் நிற்கிறது.

கிளம்பும் முன்

விலங்கைக் கண்டால் கை நீட்டாமல் இருக்க முடியாதவர் என்றால், பயணத்துக்கு முன்பே வெறிநோய்க்கு (ரேபிஸ்) தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி முன்கூட்டிப் போடும் ஊசிக்கு இரண்டு தடவை போனால் போதும்: முதல் நாள் ஒன்று, ஒரு வாரம் கழித்து ஒன்று. இதைப் போட்டிருந்தால், பிறகு ஒரு நாய் கடித்தாலும் சிகிச்சை மிகச் சுருங்கிவிடும். விலை அதிகமுள்ள, எல்லா ஊரிலும் கிடைக்காத இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த நோயெதிர்ப்பு மருந்தும் தேவைப்படாது. நான் போட்டுக்கொள்ளாமல் போனேன். அதற்கான விலையைக் கொடுத்தேன்.

பையில் வைக்க வேண்டியவை அதிகமில்லை. சுருக்குபோல இறுகும் கயிற்றுப் பட்டை ஒன்று, பழைய துண்டு ஒன்று, கையுறைகள், முனை மெல்லிய இடுக்கி. இவை போதும்.

தொடுவதற்கு முன்

முதல் வேலை நாயிடம் போவதல்ல, மனிதர்களிடம் கேட்பது. தாய்லாந்தின் தெருநாய்கள் பெரும்பாலும் யாருமற்றவை அல்ல. சந்துகளை அங்கே ‘சோய்’ என்பார்கள். ஒவ்வொரு சோயிலும் சோறு வைக்க யாராவது ஒருவர் இருப்பார். கோயில்களில் பிக்குகள் மிச்சச் சோற்றைப் போடுவார்கள். நான் அந்த நாய்க்குக் கறுப்பி என்று பெயர் வைத்து இரண்டு நாள் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள்தான் நூடுல்ஸ் வண்டிக்காரப் பெண்மணியிடம் கைபேசியின் மொழிபெயர்ப்பைக் காட்டிக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே “டம்” என்று அழைத்தார். நாய் வாலை ஆட்டியது. டம் என்றால் தாய்லாந்து மொழியில் கறுப்பு. மூன்று ஆண்டாக அவர்தான் அதற்குச் சோறு போட்டு வந்திருக்கிறார். மருத்துவமனைக்குக் கொண்டுபோக அவருக்கு வண்டியும் இல்லை, ஆளும் இல்லை.

முதல் நாளே கேட்டிருந்தால் சிகிச்சை இரண்டு நாள் முன்னதாகத் தொடங்கியிருக்கும். அங்கே வயதில் மூத்த பெண்களைப் ‘பா’ என்று அழைப்பார்கள். நம் பெரியம்மா, அத்தை முறை போல. இனி அவரைப் பா என்றே குறிப்பிடுகிறேன்.

கேட்க வேண்டியவை இவை: யாருடைய நாய், எத்தனை நாளாக இப்படி இருக்கிறது, யாரையாவது கடித்ததா, குட்டி போட்டதா. காதில் வெட்டோ பச்சைக் குறியோ இருந்தால், ஏற்கெனவே கருத்தடை செய்து விட்ட நாயாக இருக்கலாம். நம் ஊரிலும் கருத்தடை செய்த நாயின் காதில் சிறு வெட்டுப் போடுவார்கள், கவனித்திருப்பீர்கள். குட்டிகள் மட்டும் தனியாகக் கிடந்தால் உடனே தூக்க வேண்டாம். தாய் இரை தேடிப் போயிருக்கும். தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள்.

எந்தக் காரணத்துக்காகவும் நெருங்கக் கூடாத நாய் ஒன்று உண்டு. தாடை தொங்கி எச்சில் வழிகிறது, குரல் மாறியிருக்கிறது, பின்கால்கள் தள்ளாடுகின்றன, வெறும் காற்றைக் கடிக்கிறது, தூண்டாமலே பாய்கிறது என்றால் அது வெறிநோயாக இருக்கலாம். தாய்லாந்தில் அந்நோய் இன்னும் இருக்கிறது. விலகி நின்று, அக்கம்பக்கத்தாரை எச்சரித்து, உள்ளூர்க் கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள். அதற்குமேல் நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை. இதைச் சொல்வது எனக்கும் கடினமாகத்தான் இருக்கிறது.

பிடிப்பதும் கொண்டுபோவதும்

அவசரப்படாதீர்கள். நேருக்கு நேர் நின்று கண்ணைப் பார்த்தால் நாய் அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளும். பக்கவாட்டில் திரும்பிக் குந்தி உட்காருங்கள். உணவை எறிந்துவிட்டுப் பின்வாங்குங்கள். அடுத்த தடவை சற்று அருகில் எறியுங்கள். தலைமேல் கை கொண்டுபோகாமல் மார்புப் பக்கம் நீட்டுங்கள். வால் வயிற்றுக்குள் ஒடுங்கி, உடம்பு மரக்கட்டைபோல் விறைத்து, ஓரக்கண்ணில் வெள்ளை தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். உறுமாமலும் கடிக்கும். உறுமும் நாயைவிட, அசையாமல் விறைத்து நிற்கும் நாயிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

அந்த நாயைத் தெரிந்தவர் கூட இருந்தால் பாதி வேலை முடிந்தது. பா ஒரு மீன் உருண்டையைக் காட்டினார். டம் தானாகவே அட்டைப்பெட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டது. நான் தனியாக முயன்றிருந்தால் துரத்திக்கொண்டு அலைந்திருப்பேன்.

சியாங் மாயில் சிவப்பு நிறச் சோங்தேவ் வண்டிகள்தான் ஷேர் ஆட்டோ மாதிரி. நாயை ஏற்றும் முன் ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள். முழு வண்டியையும் பேசி எடுத்துக்கொள்வது நல்லது. “ரோங் பயாபான் சத்” என்றால் விலங்கு மருத்துவமனை. பெரிய நகரங்களில் நல்ல மருத்துவமனைகள் உண்டு. பாங்காக்கில் சூலாலாங்கோன், கசெட்சார்ட் பல்கலைக்கழகங்களும், சியாங் மாயில் அந்நகரின் பல்கலைக்கழகமும் கால்நடை போதனா மருத்துவமனை நடத்துகின்றன.

தீவுகளிலும் சிற்றூர்களிலும் தொண்டு அமைப்புகளே துணை. ஃபூகெட்டில் 2003இல் தொடங்கிய சோய் டாக் அமைப்பு, கோ லந்தா தீவில் லந்தா அனிமல் வெல்ஃபேர், சியாங் மாயில் கேர் ஃபார் டாக்ஸ் ஆகியவை பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகின்றன. ஆனால் நாயைக் கொண்டுபோய் அவர்கள் வாசலில் இறக்கிவிட்டு வரலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே இடம் எப்போதும் நிரம்பித்தான் இருக்கும். ஆலோசனை கேளுங்கள், கருத்தடைக்கு நாள் கேளுங்கள், செலவை ஏற்கிறேன் என்று சொல்லுங்கள். கதவு திறக்கும்.

மருத்துவமனையில் கேட்க வேண்டியவை

முதலில் தோலுக்கடியில் பதிக்கும் அடையாள மைக்ரோசிப் இருக்கிறதா என்று கருவியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிப் இருந்தால் அது யாரோ தேடிக்கொண்டிருக்கும் நாய். இல்லையென்றால், எடை, இரத்த அணுக்கள், உண்ணிக் காய்ச்சல், இதயப்புழு, தோல் சுரண்டல் ஆகிய சோதனைகளைக் கேளுங்கள். செலவின் மதிப்பீட்டை எழுதித் தரச் சொல்லி, உங்கள் வரம்பையும் தயங்காமல் சொல்லிவிடுங்கள். முதல் நாளே உணர்ச்சிவசப்பட்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினால், முக்கியமான மூன்றாம் வாரத்தில் கையில் காசு இருக்காது.

வெப்ப நாட்டுத் தெருநாய்களிடம் அடிக்கடி காண்பவை சில. சொறி இரண்டு வகை: ஒன்று மனிதருக்கும் தொற்றும், மற்றது தொற்றாது. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தே பிரிக்க வேண்டும். இரண்டுக்கும் இப்போது மாத்திரைகளே இருக்கின்றன. அதே மாத்திரை உண்ணியையும் கொல்லும். பிறப்புறுப்பில் இரத்தம் கசியும் கட்டி இருந்தால், அது நாய்க்கு நாய் புணர்ச்சியால் பரவும் புற்றாக இருக்கலாம். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் வாரம் ஒரு ஊசியாகச் சில வாரங்கள் போட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும். குட்டிக்கு இரத்தபேதியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் பார்வோ வைரஸாக இருக்கலாம். அப்போது ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

டம்முக்குத் தொற்றும் வகைச் சொறி. என் முன்கையிலும் அரிப்பு வந்தது. அதோடு எர்லிக்கியா என்ற உண்ணிக் காய்ச்சலும் இருந்தது. இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்து மூக்கில் இரத்தம் கசியும் நோய் இது. இதற்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள் கொடுக்க வேண்டும். இடையில் நிறுத்தக் கூடாது.

நம் கைவைத்தியம் பற்றி ஒரு வார்த்தை. உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுவதை எங்கள் ஊரில் பார்த்து வளர்ந்தவன் நான். அது தோலைப் புண்ணாக்கும். நக்கினால் உள்ளேயும் கெடுதல். உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள்; விரலால் நசுக்காதீர்கள். வேப்பெண்ணெயையும் மஞ்சளையும் நம்பிச் சொறிக்கான மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் பையில் இருக்கும் பாராசிட்டமாலையோ ஐபுபுரோஃபெனையோ நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டும் நாயைக் கொல்லக்கூடியவை.

டிக்கெட்டிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

இந்த இடத்தில்தான் நல்ல மனம் படைத்தவர்களும் இடறுகிறார்கள், நானும் இடறினேன்.

டம்முக்கு மாத்திரை தொடங்கியது என் 6ஆம் நாள். 28 நாள் என்றால் 33ஆம் நாள் முடியும். நான் 24ஆம் நாள் விமானம் ஏறுகிறேன். மீதி 9 நாள் மாத்திரையை யார் கொடுப்பது? அந்தக் கேள்வி எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது. கருத்தடையையும் நான் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்று துடித்தேன். தட்டணுக்கள் குறைவாக இருக்கும்போது கத்தி வைத்தால் இரத்தம் நிற்காது என்று மருத்துவர் மறுத்துவிட்டார். அவர் சொன்னதுதான் சரி.

அதனால் முதல் நாள் மாலையே ஒரு தாளில் எழுதுங்கள். திரும்பும் தேதி. அதற்கு முன் எது முடியும், எது முடியாது. அறுவைக்குப் பின் தையல் ஆற 10 முதல் 14 நாள் ஆகும். அவ்வளவு நாள் கையில் இல்லையென்றால், பார்த்துக்கொள்ள இடம் உறுதியாகும் வரை அறுவை வேண்டாம். முடியாத ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டும். பெயர் எழுத முடியவில்லை என்றால், ஆள் தேடுவதுதான் மறுநாள் காலையின் முதல் வேலை. மருந்து வாங்குவதுகூட அதற்குப் பிறகுதான்.

என் தாளில் எல்லா வரியிலும் பாவின் பெயரே வந்தது. அவரிடம் கேட்காமலே எழுதினேன், அது தவறு. பிறகு கேட்டபோது மாத்திரை கொடுப்பதை உடனே ஒப்புக்கொண்டார். அறுவைக்குப் பின் பார்த்துக்கொள்ள மட்டும் தயங்கினார். வண்டியை விட்டு அவரால் நகர முடியாது, ஒரு நாள் கடை மூடினால் ஒரு நாள் வருமானம் போச்சு. கடைசியில் மருத்துவமனையிலேயே தையல் பிரிக்கும்வரை தங்க வைக்க ஏற்பாடு செய்தோம்.

தேறும் நாட்கள்

நான் தங்கியிருந்த விடுதியில் நாய்க்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அது அவர்கள் உரிமை. ஒளித்து வைத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். பாவின் வீட்டுப் பின்கட்டில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. நாய்க்கு வேண்டியது இவ்வளவுதான்: நிழல், தண்ணீர், முதுகுக்கு ஒரு சுவர், ஆட்கள் நடமாடாத ஒரு மூலை.

முதல் இரண்டு மூன்று நாள் அது தூங்கிக்கொண்டே இருக்கும். தூங்க விடுங்கள். குளிப்பாட்ட வேண்டாம், படம் எடுக்கச் சுற்றி நிற்க வேண்டாம். பட்டினி கிடந்த நாய்க்கு ஒரே வேளையில் வயிறு நிறையப் போடுவது ஆபத்து. உடலின் உப்புச் சமநிலை குலைந்து உயிருக்கே கேடு வரலாம். நாளைக்கு நான்கு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. உப்பும் காரமும் வெங்காயமும் இல்லாமல் வேகவைத்த கோழியும் சோறும் போதும். வெந்த கோழி எலும்பு வேண்டவே வேண்டாம், சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். டாக்ஸிசைக்ளினைப் பாலில் கலக்காதீர்கள், மருந்து உடம்பில் சேராது. உணவோடு கொடுத்துத் தண்ணீர் குடிக்க வையுங்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் தொண்டைக் குழாயைப் புண்ணாக்கும். பாவின் முறை எளிது. மருந்தில்லாத மீன் உருண்டை ஒன்று, மருந்து வைத்தது ஒன்று, மறுபடி மருந்தில்லாதது ஒன்று. மூன்றாவது வரப்போகிறது என்ற ஆவலில் இரண்டாவதை டம் மெல்லாமலே விழுங்கிவிடும்.

பத்து நாளில் அரிப்பு நின்றது. இரண்டாம் வாரக் கடைசியில் முதுகில் பஞ்சுபோல மயிர் அரும்பியது. தேறத் தொடங்கும் நாயைத் தெருவிலிருந்து அந்நியப்படுத்திவிடாதீர்கள். குளிரூட்டிய அறையில், மெத்தையில், உங்கள் ஒருவரையே நம்பி மூன்று வாரம் வாழ்ந்த நாயைத் திரும்பச் சந்தில் விட்டால் அது தவித்துப்போகும். மற்ற நாய்களும் அதைச் சேர்க்காது. டம்மை மாலைதோறும் வண்டிப் பக்கம் நடத்திப் போனோம். அதன் பழைய கூட்டாளிகள் வந்து முகர்ந்துவிட்டுப் போவார்கள்.

இன்னொன்று: குணமான நாயை ஏதோ ஒரு கோயில் வாசலிலோ வேறு பகுதியிலோ விட்டுவிட்டு வராதீர்கள். பழக்கமில்லாத இடத்தின் நாய்கள் அதைக் கடித்துக் குதறிவிடும். தாய்லாந்தின் 2014ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டப்படி, வளர்ப்பவர் விலங்கைக் கைவிடுவது 40,000 பாட் வரை அபராதத்துக்குரிய குற்றமும்கூட.

கடித்தாலோ கீறினாலோ

உண்ணி எடுக்கும்போது வலி தாங்காமல் டம் என் மணிக்கட்டைப் பல்லால் கீறிவிட்டது. இரத்தம் ஒரு துளிதான் வந்தது. துளிதானே என்று இருந்துவிடாதீர்கள். வெறிநோய் அறிகுறி தோன்றிய பின் பிழைப்பவர் ஏறத்தாழ இல்லை. தோன்றும் முன் சிகிச்சை எடுத்தால் தப்பிவிடலாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். கட்டுப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இரத்தம் வந்த காயமும், இருக்கும் புண்ணில் நாய் நக்கியதும் மிக உயர்ந்த ஆபத்துப் பிரிவில் வரும். ஊசியோடு இம்யூனோகுளோபுலினும் தேவை.

இந்த ஒன்றில் தாய்லாந்து நல்ல இடம். குறைந்த மருந்தைத் தோலுக்குள் இரண்டு இடங்களில் போடும் முறையைப் பாங்காக்கின் தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கம்தான் உலகுக்குத் தந்தது. அதன் சவோபா அரசி நினைவு நிறுவனத்தில் வெளிநாட்டவரும் ஊசி போட்டுக்கொள்ளலாம். எந்த மருந்து, எந்தத் தேதி, எந்த முறை என்று எழுதிய அட்டையைப் பத்திரமாகக் கொண்டுவாருங்கள். என் மீதி ஊசிகளைக் கோவையில் போட்டபோது அந்த அட்டைதான் குழப்பம் வராமல் காத்தது. கடித்த நாயை 10 நாள் கவனிக்க வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். அதற்காக ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஊருக்குக் கொண்டுவரலாமா

இந்தியாவில் வசிக்கும் சுற்றுலாப் பயணிக்கு விடை ஏறக்குறைய ‘முடியாது’ என்பதுதான். இரண்டு ஆண்டு வெளிநாட்டில் வாழ்ந்து குடிபெயர்ந்து திரும்புவோர்தான் வளர்ப்பு விலங்கைத் தம் உடைமையோடு கொண்டுவர முடியும். மற்றவர்கள் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற வேண்டும்.

பிரிட்டனிலோ ஐரோப்பாவிலோ வாழும் தமிழருக்கு வழி உண்டு, ஆனால் நீளம். முதலில் மைக்ரோசிப், பிறகு வெறிநோய் ஊசி, 30 நாள் கழித்து இரத்தப் பரிசோதனை, அந்த இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருப்பு. வரிசை மாறினால், அதாவது சிப்புக்கு முன் ஊசி போட்டுவிட்டால், முதலிலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் ஆறு மாதத்துக்குக் குறைந்த நாய்க்குட்டிகளை அனுமதிப்பதில்லை. தாய்லாந்து போன்ற நாடுகளிலிருந்து வரும் நாய்களுக்குக் கூடுதல் கட்டுப்பாடு உண்டு. சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநோய் இல்லை, அதைக் காக்க, வரும் நாய்களைத் தனிமைப்படுத்தி வைக்கிறார்கள். அங்கே வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் அனுமதிக்கப்பட்ட இனத்தில் ஒரு நாய்தான் வளர்க்கலாம். ஆஸ்திரேலியா தாய்லாந்திலிருந்து நேராக நாயை ஏற்காது.

உங்கள் நாய் போக முடியாவிட்டாலும், வேறொரு நாய்க்கு நீங்கள் வழித்துணையாகப் போகலாம். சோய் டாக், லந்தா போன்ற அமைப்புகள் வெளிநாடுகளில் வீடு கிடைத்த நாய்களை அந்த ஊருக்குப் போகும் பயணியின் டிக்கெட்டோடு சேர்த்து அனுப்புகின்றன. ஆவணமும் கட்டணமும் அவர்கள் பொறுப்பு. நீங்கள் விமான நிலையத்துக்குச் சற்று முன்னதாகப் போனால் போதும். அங்கே இறங்கியதும் நாயைப் பெற்றுக்கொள்ள ஆள் நிற்கும். அறிமுகமில்லாத தனி மனிதர் இப்படிக் கேட்டால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

விடைபெறும் முன்

பணத்தைப் பாவின் கையில் திணித்தால் அவர் சங்கடப்படுவார். நானே முதலில் அப்படிச் செய்து அவர் முகம் வாடியதைப் பார்த்தேன். கருத்தடை, தங்குமிடம், அடுத்த ஆண்டு வெறிநோய் ஊசி மூன்றுக்கும் மருத்துவமனையிலேயே முன்பணம் கட்டி, டம் பெயரில் ரசீது வாங்கினோம். ரசீதின் படம் இருவரிடமும் இருக்கிறது. தாய்லாந்தில் எல்லோரும் லைன் செயலியில்தான் பேசுவார்கள். பாவையும் மருத்துவமனையையும் அதில் ஒரே குழுவாகச் சேர்த்தேன். மாத்திரை அட்டவணையைத் தாய்லாந்து மொழியில் பெரிய எழுத்தில் மருத்துவமனை உதவியாளரைக் கொண்டு எழுதி வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு நூடுல்ஸ் வண்டியின் கம்பியில் தொங்கவிட்டோம். கொடுத்த நாளைப் பா பேனாவால் அடித்துவிடுவார்.

33ஆம் நாள் இரவு அந்த அட்டவணையின் படம் வந்தது, 28 கட்டங்களும் அடித்திருந்தன. மறுபரிசோதனையில் தட்டணுக்கள் ஏறியிருக்கின்றன, கருத்தடைக்கு நாள் குறித்தாயிற்று என்று மருத்துவமனை எழுதியது. கருத்தடை முடிந்து டம் சந்துக்குத் திரும்பிய அன்று பா ஒரு காணொளி அனுப்பினார். வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால், அதே இடத்தில் படுத்திருந்தது. உடம்பெல்லாம் கறுத்த மயிர்.